மரப்பொந்தும் கம்பிக்கூடும்



வரலாறு என்று சொன்னவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. பாடசாலையில் நான் கற்பித்து வருவதும் பெரும்பாலும் அவைதாம். ஆயினும் ஒரு காலத்து மக்கள் தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த பறவையையும் விலங்கையும் எவ்வாறு நடத்தினர் என்பதும் வரலாறே. அத்தகைய ஒரு வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இருவாய்ச்சி என்னும் பறவையை மனிதன் கூட்டிலடைத்து வளர்த்த கதை அது. காட்சிப் பொருளாகத் தொடங்கிய அவ்வளர்ப்பு, பல தவறுகளுக்குப் பின்னரே அப்பறவையின் இனத்தைக் காக்கும் முயற்சியாக மாறியது. அத்தவறுகளுள் ஒன்று என்னுடையது. அதனையும் மறைக்காமல் சொல்வேன்.

முதலிற் பறவையை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஆபிரிக்காவிலும் ஆசியாவின் வெப்ப நாடுகளிலும் வாழும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 60 வகைகள் உள்ளன. நீண்டு வளைந்த பெரிய சொண்டு இவற்றின் பொது அடையாளம். பலவற்றுக்கு அச்சொண்டின் மேல் இன்னொரு சொண்டைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற ஒரு புடைப்பு இருக்கும். இரண்டு வாய் உடையதுபோலத் தோன்றுவதால் இருவாய்ச்சி என்றும் இருவாட்சி என்றும் தமிழர் இதனை அழைத்தனர். தமிழ்நாட்டின் மேற்கு மலைப்பகுதிகளில் மலைமொங்கான் என்றும் சொல்வதுண்டு.

இலங்கையில் இவற்றுள் இரண்டு வகைகள் வாழ்கின்றன. ஒன்று கறுப்பும் வெள்ளையும் கலந்த பெரிய பறவை. கண்டியிலிருந்து பதினெட்டு வளைவுகளைக் கடந்து மகியங்கனைப் பக்கம் இறங்குபவர்கள், அச்சமவெளிக் காடுகளில் இது சிறகுகள் ஓசையெழ மரத்துக்கு மரம் தாவிப் பறப்பதைக் காணலாம். இப்பறவை இந்தியாவிலும் உண்டு. மற்றொன்று உருவிற் சிறியது, சாம்பல் நிறமுடையது, சொண்டின் மேற் புடைப்பு இல்லாதது. இந்தச் சாம்பல் இருவாய்ச்சி இலங்கைக்கே உரியது. உலகில் வேறெந்த நாட்டுக் காட்டிலும் இதனைக் காண இயலாது. சமவெளிக் காடுகளிலிருந்து மத்திய மலைநாட்டின் நடுச்சரிவுகள் வரை இது வாழ்கின்றது.

இப்பறவைகளின் குடும்ப வாழ்க்கை வியப்புக்குரியது. பெண் பறவை முதிர்ந்த மரமொன்றின் பொந்துக்குள் நுழைந்து, அதன் வாயிலைச் சேற்றாலும் பழச்சக்கையாலும் தன் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். ஒரு சிறு பிளவு மட்டுமே எஞ்சி நிற்கும். உள்ளே முட்டையிட்டு அடைகாக்கும் காலம் முழுவதும் ஆண் பறவை வெளியே நின்று அப்பிளவின் வழியாகவே உணவூட்டும். பெரிய வகைகளில் இச்சிறைவாசம் மூன்று நான்கு மாதங்கள் நீடிப்பதுண்டு. அக்காலத்தில் பெண் பறவை தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதியன முளைக்கவிடுகிறது. ஆகவே நடுவில் அப்பொந்து உடைந்துபோனால் அதனாற் பறக்க முடியாது. ஆண் பறவை இறந்துபோனால் உள்ளிருக்கும் தாயும் குஞ்சுகளும் பட்டினிக்கு இரையாகக்கூடும். இவ்வளவு நம்பிக்கையை ஒரு துணையின் மேலும் ஒரு மரத்தின் மேலும் வைத்து வாழும் உயிர்கள் அரியன.

இச்செய்தியை நான் நூலிற் படித்தறிவதற்கு முன்பே கண்ணாற் கண்டேன், ஆனாற் புரிந்துகொள்ளவில்லை. எனக்கு அப்போது ஒன்பது அல்லது பத்து வயதிருக்கும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. தோட்டத்தின் எல்லையில், ஓடையை ஒட்டி, வெட்டப்படாமல் விடப்பட்ட முதிய மரமொன்று நின்றது. ஆனி மாதத்துக் காற்றில் ஒரு நாள் இரவு அது முறிந்து விழுந்தது. விடிந்ததும் சிறுவர்கள் நாங்கள் ஓடினோம். பிளந்த பொந்திலிருந்து சாம்பல் நிறப் பறவை ஒன்று வெளியே வந்தது. இறக்கையில் இறகுக்குப் பதிலாகக் கட்டை கட்டையாக முளைகளே இருந்தன. அது பறக்கவில்லை; நிலத்தில் தத்தித் தத்தி ஓடியது. இறக்கை ஒடிந்த குருவி என்று எண்ணி அதனைப் பிடித்தோம். அன்று மாலையே அது யாரோ ஒருவர் வீட்டு அடுப்புக்குப் போயிற்று. பொந்தில் இருந்த இரண்டு குஞ்சுகளுள் ஒன்று மரம் விழுந்தபோதே இறந்திருந்தது. மற்றதை நான் பிரம்புக் கூடையில் வைத்து எங்கள் லயத்து அறைக்கு எடுத்துச் சென்றேன்.

சோறும், தேநீரில் நனைத்த பாணும், சில நாள் பப்பாளிப் பழமும் கொடுத்தேன். அன்போடுதான் கொடுத்தேன். பத்தாம் நாள் குஞ்சு இறந்தது. ஆனால் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலாத காட்சி அதுவன்று. விழுந்த மரத்தைச் சுற்றி மூன்று நாட்கள் ஆண் பறவை வந்துகொண்டிருந்தது. அதன் சொண்டு நுனியில் பழம் இருந்தது. மரம் நின்ற இடத்துக்கு மேலே வந்து, இறங்க இடமின்றிப் பக்கத்து மரத்தில் அமர்ந்து கூவிவிட்டுப் போகும். அது எதைத் தேடுகிறதென்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின்னர், பல்கலைக்கழக நூலகத்தில் பறவை நூலொன்றைப் புரட்டியபோதுதான், அன்று நாங்கள் பிடித்தது ஒடிந்த இறக்கைக் குருவியன்று, இறகு மாற்றிக்கொண்டிருந்த தாய் என்பதை அறிந்தேன்.

நேயர்களே, என் அறியாமையை இங்கே எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. இருவாய்ச்சியை வளர்க்க முற்பட்ட பெரிய நிலையங்களும் நெடுங்காலம் ஏறக்குறைய இதே அறியாமையில்தான் இருந்தன.

நம் கண்டி இராச்சியத்திலிருந்தே தொடங்குவோம். 1660ஆம் ஆண்டிற் சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து, 1679இல் தப்பிச்சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில், இரண்டாம் இராசசிங்க மன்னனுக்குக் கறுஞ்சிறுத்தை ஒன்றும் பால்வெள்ளை மான் ஒன்றும் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கப்பட்டதையும், மன்னன் அவற்றைப் பெரிதும் மதித்ததையும் எழுதியிருக்கிறார். அரியது எதுவோ அது அரசனுக்கு உரியது என்பது அக்கால நியதி. உலகெங்கும் மன்னர்கள் விலங்குகளைச் சேர்த்துவைத்ததன் உட்பொருளும் அதுவே. அவற்றின் இனம் பெருகவேண்டும் என்ற எண்ணம் அங்கே இல்லை. அரியது தன் கையில் இருக்கிறது என்ற பெருமையே இருந்தது.

ஆனால் அதே மன்னர்கள் அறியாமலே வேறொரு நன்மையும் செய்தனர். அரண்மனையின் பின்புறத்தே உள்ள உடவத்தைக்கலைக் காடு அரச குடும்பத்துக்குரியதாக இருந்தமையால் பிறர் கோடரி அங்கே புகவில்லை. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1856இல் அக்காடு ஒதுக்குக் காடாகவும், 1938இற் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று தலதா மாளிகைக்கு அருகே நின்றால், நூறு ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட அக்காடு நகரத்தின் நடுவே பச்சைக் குன்றாக எழுந்து நிற்பதைக் காணலாம். பறவையைக் கூட்டில் வைத்துக் காத்ததைவிட, மரத்தை மரமாகவே விட்டுவைத்துக் காத்தது மிகுதி என்பதற்கு இது ஒரு சான்று.

பிற குன்றுகளுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1830களிலிருந்து கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி வீழ்ச்சியுற்றது. ஆனால் காடு மீளவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டது. கோடரி பிடித்த கைகள் பல, தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் கால்நடையாய் வந்த நம் முன்னோருடையவை. அவர்கள் பட்ட துயரத்தையும், வழியில் மாண்டவர்களையும் நாம் மறக்கலாகாது. வெட்டு என்ற கட்டளை அவர்களுடையதன்று. ஆயினும் வீழ்ந்த மரங்களோடு எத்தனை பொந்துகள் வீழ்ந்தன என்று அன்று எவரும் எண்ணவில்லை. ஒரு மரம் இருவாய்ச்சி நுழையும் அளவுக்குப் பருத்து, உள்ளே உளுத்துப் பொந்தாவதற்கு மனிதனின் பல தலைமுறைகள் தேவை. தேயிலைச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் அத்தகைய பொந்து எளிதில் அமைவதில்லை.

காடு சுருங்கிய அதே காலத்திற்றான் பறவையைப் பற்றிய அறிவு வளர்ந்தது. பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கைக்கு வந்த லெக் என்பவர் நம் நாட்டுப் பறவைகளைப் பற்றிய பெருநூலை 1880இல் நிறைவு செய்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1869இல் வெளிவந்த மலாய்த் தீவுகள் பற்றிய தம் நூலில், அல்பிரட் றசல் வலஸ் என்னும் இயற்கையறிஞர், சுமாத்திராவில் அடைபட்ட பொந்தொன்றைத் திறந்து தாயையும் இறகே முளைக்காத குஞ்சையும் எடுத்த செய்தியைக் கூறியிருக்கிறார். ஆகவே இப்பறவை எவ்வாறு கூடுகட்டுகிறது என்பது அறிஞர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. எனினும் நூலில் இருந்த அறிவு கூட்டுக்காரனின் கைக்கு வந்துசேர நெடுநாளாயிற்று.

கூட்டில் வாழ்ந்த இருவாய்ச்சிகளுள் மிகப் புகழ்பெற்றது பம்பாயில் இருந்தது. 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு, 1894ஆம் ஆண்டில், கார்வாரிலிருந்து பெரிய இருவாய்ச்சிக் குஞ்சு ஒன்று அன்பளிப்பாக வந்தது. அதற்கு வில்லியம் என்று பெயரிட்டனர். சங்கத்தின் செயலாளர் மில்லாட் அமரும் நாற்காலிக்குப் பின்னால் அதன் கூடு இருந்தது. வாழைப்பழமும் அத்திப்பழமும் தின்றது. உயிருள்ள எலியையும் தேளையும் விரும்பி உண்டது. முப்பது அடி தூரத்திலிருந்து எறியப்படும் டென்னிஸ் பந்தைச் சொண்டாற் பிடித்தது. வில்லியம் தண்ணீர் குடிப்பதேயில்லை என்று அதனைக் கவனித்தவர்கள் குறித்து வைத்தனர். இருவாய்ச்சி வானத்து மழைக்காகத் தாகத்தோடு காத்திருக்கும் என்று மலையாள நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. பழத்திலிருந்தே தனக்கு வேண்டிய நீரைப் பெற்றுக்கொள்ளும் பறவை நீர்நிலையிற் குடிக்கக் காணப்படாமையால் அந்நம்பிக்கை பிறந்திருக்கலாம்.

வில்லியம் 26 ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்து 1920இல் இறந்தது. இன்றும் அச்சங்கத்தின் சின்னத்தில் இருவாய்ச்சியே உள்ளது. மும்பையிலுள்ள அதன் தலைமையகத்தின் பெயரும் அப்பறவையின் பெயரே. இவ்வளவு சிறப்புப் பெற்ற அந்தப் பறவைக்கு ஒரு துணை இல்லை. ஒரு பொந்து இல்லை. அது அன்பாக நடத்தப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் குலம் அதனோடு முடிந்தது. இருவாய்ச்சி கூட்டில் நெடுங்காலம் உயிர்வாழ வல்லது. பெரிய வகைகள் அரை நூற்றாண்டளவும் வாழ்ந்ததுண்டு. அந்நீண்ட வாழ்வே பலரை ஏமாற்றியது. உயிரோடு இருக்கும் பறவை வேறு, இனத்தோடு இருக்கும் பறவை வேறு என்பதை அது மறைத்துவிட்டது.

நம் நாட்டில், விலங்கு வணிகத்திற் பெயர்பெற்ற ஹேகன்பெக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹேகன்பெக், தெஹிவளையில் ஒரு விலங்குச் சேகரத்தை வைத்திருந்தார். காட்டில் பிடிக்கப்பட்டவை ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் வரை தங்கிச்செல்லும் இடமாக அது பயன்பட்டது. அந்நிறுவனம் கலைக்கப்பட்டபின் 1936இல் அரசு அதனை ஏற்றுத் தேசிய மிருகக்காட்சிச்சாலை ஆக்கியது. அடுத்த ஆண்டே, 1937இல், வனசீவராசிகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வந்தமை சிந்திக்கத்தக்கது. ஏற்றுமதிப் பண்டமாக இருந்த உயிர், அரசின் பொறுப்பிலுள்ள உயிராக மாறத் தொடங்கிய காலம் அது.

இனி, கூட்டில் இருவாய்ச்சியை இனம்பெருக்கும் வித்தை எவ்வாறு கைவந்தது என்பதைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகின் பல மிருகக்காட்சிச்சாலைகள் இதில் முனைந்தன. அவை கற்ற பாடங்கள் மூன்று.

முதற்பாடம் துணையைப் பற்றியது. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரே கூட்டில் விட்டுவிட்டால் அவை சோடி சேர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. சில வேளைகளில் அவை ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தும், கொல்வதும் உண்டு. இளம் பறவைகள் பலவற்றை ஒன்றாகப் பழகவிட்டு, அவை தாமே துணையைத் தேர்ந்துகொள்ளச் செய்வதே நல்லது. ஆண் பறவை பழத்தை எடுத்துப் பெண்ணின் வாயில் ஊட்டத் தொடங்குவதுதான் நல்லறிகுறி. எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். தன்னை நான்கு மாதம் ஊட்டிக் காக்கக்கூடியவன் இவன்தானா என்று பெண் பறவை அறிந்துகொள்ளும் வழி அதுவேயன்றோ!

இரண்டாம் பாடம் பொந்தைப் பற்றியது. மெல்லிய பலகைப் பெட்டியை மாட்டிவைத்தால் அது பகலில் வெந்து இரவிற் குளிரும். தடித்த சுவருள்ள மரப்பொந்தோ வெப்பத்தையும் ஈரத்தையும் ஓரளவு சீராக வைத்திருக்கும். ஆகவே தடித்த மரக்குற்றியைக் குடைந்தோ, பெட்டிக்குத் தடித்த உறையிட்டோ பொந்து அமைக்கக் கற்றனர். வாயில் ஒடுங்கி நீண்டிருக்க வேண்டும். அருகே பிசைந்த களிமண் வைக்க வேண்டும். பெண் பறவை உட்புகுந்து வாயிலை அடைத்தபின் மனிதர் அங்கே நெருங்கலாகாது. கூட்டைச் சுத்தம் செய்வதாகக் கூறித் துடைப்பத்தோடு செல்லும் ஊழியரைக் கண்டு ஆண் பறவை மிரண்டு ஊட்டுவதை நிறுத்தினால், அந்த ஆண்டு முயற்சி அத்தோடு போயிற்று. பார்வையாளர் காணவேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்ட கூட்டில், காண முடியாத இருட்டு ஒன்றை அமைப்பதே வெற்றிக்கு வழியாயிற்று.

மூன்றாம் பாடம் உணவைப் பற்றியது. காட்டில் இருவாய்ச்சியின் பெரும்பகுதி உணவு அத்திப்பழம். அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கூட்டிலோ மனிதனுக்கு நல்லது பறவைக்கும் நல்லது என்று எண்ணி இரும்புச்சத்து மிகுந்த தீனிகளைக் கொடுத்தனர். இருவாய்ச்சியின் உடல் இரும்பை வெளியேற்ற அறியாதது. அது ஈரலில் தேங்கிப் பறவையைக் கொல்லும். தோடம்பழம் போன்ற புளிப்புப் பழங்கள் இரும்பை உடலில் மேலும் ஏறச்செய்யும். பளபளவென்று நலமாகத் தோன்றிய பறவைகள் திடீரென்று இறந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. தேநீரில் நனைத்த பாணைக் கொடுத்த சிறுவனை நினைத்துக்கொண்டேதான் இச்செய்தியை நான் படித்தேன்.

இம்மூன்று பாடங்களும் காட்டுக்கே திரும்பிச்சென்று உதவிய இடம் சிங்கப்பூர். அந்நாட்டுக்கும் நமக்கும் இவ்விடயத்தில் ஒரு தொடர்பு உண்டு. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் பணிப்பாளராக விளங்கிய லின் டி அல்விஸ் அவர்களே, 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையைத் திட்டமிடுவதற்கு ஆலோசகராக அழைக்கப்பட்டார். அதற்கு முன்பே, 1971இல், அங்கே ஜூரோங் பறவைப் பூங்கா தொடங்கப்பட்டிருந்தது. பல வகை இருவாய்ச்சிகளைச் சேர்த்து வளர்த்து அது புகழ்பெற்றது. 2023இல் அப்பூங்கா மூடப்பட்டு, அதன் பறவைகள் மண்டாயில் அமைந்த புதிய பூங்காவுக்குச் சென்றன.

சிங்கப்பூர்த் தீவின் சொந்த இருவாய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து மறைந்துவிட்டது. 1994ஆம் ஆண்டளவில் அயலிலுள்ள உபின் தீவில் ஒரு சோடி மீண்டும் தோன்றியது. உண்ணப் பழம் இருந்தது. பொந்துள்ள முதுமரங்களோ மிகச் சிலவே. ஆகவே 2004இல், பூங்காத் துறையினரும் பறவைப் பூங்காவினரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் கூடிச் செயற்கைப் பொந்துகளைச் செய்து மரங்களில் ஏற்றினர். உள்ளே சிறு ஒளிப்படக் கருவி வைத்துத் தாயும் குஞ்சும் வாழும் முறையைக் கண்டறிந்தனர். இன்று அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட இருவாய்ச்சிகள் மாடிக்கட்டடங்களிடையே பறந்து திரிகின்றன. கூட்டிற் கற்ற பொந்தறிவும் காட்டில் எஞ்சியிருந்த பறவையும் சேர்ந்தபோதுதான் அவ்வெற்றி விளைந்தது.

தாய்லாந்து வேறொரு வழியைக் காட்டியது. மகிடோல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலாய் பூன்ஸ்வாட் அம்மையார் 1978இல் காவ் யாய் காட்டில் இருவாய்ச்சி ஆராய்ச்சியைத் தொடங்கினார். தெற்கே புடோ மலையில் பொந்துகளிலிருந்து குஞ்சுகளைத் திருடி விற்று வந்த கிராமத்தவர்களையே அவர் பொந்துக் காவலர்களாக ஆக்கினார். எந்த மரத்தில் எந்தப் பறவை இருக்கிறதென்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? நகரத்தில் வாழ்பவர்கள் பணம் தந்து ஆளுக்கொரு பொந்தைத் தத்தெடுத்தனர். அப்பணம் காவலரின் ஊதியமாயிற்று. வாயில் ஒடுங்கிப்போன பொந்தை அகலப்படுத்தியும், அடி ஆழ்ந்துபோன பொந்தை மண்ணிட்டு உயர்த்தியும் பயன்படுத்தத் தக்கதாக்கினர். இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்திலும் பக்கே காட்டைச் சுற்றியுள்ள நிஷி மக்கள், முன்பு இருவாய்ச்சியின் சொண்டைத் தலையணியில் அணிந்து வந்தவர்கள், இன்று அத்தகைய தத்தெடுப்பு முறையின் கீழ்ப் பொந்துகளைக் காத்து வருகின்றனர்.

அப்படியாயின் கூட்டில் வளர்ப்பதே வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரேயடியாக அவ்வாறு சொல்லிவிட முடியாது. பிலிப்பைன்சின் நீக்ரோஸ் தீவில் காடு பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில், அங்கு வாழும் அரிய இருவாய்ச்சியைப் பாதுகாப்பு நிலையத்தில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கின்றனர். அங்கே அது தேவை. மறுபுறம், சுமாத்திராவிலும் போர்னியோவிலும் மலாய்க் குடாநாட்டிலும் வாழும் தலைக்கவச இருவாய்ச்சியை எண்ணிப் பாருங்கள். அதன் சொண்டுப் புடைப்பு தந்தம்போல் திண்மையானது. அதனைச் செதுக்கி விற்பதற்காகவே அது வேட்டையாடப்படுகிறது. 2015இல் அது மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. கூட்டில் வளர்த்துப் பெருக்குவதோ மிக அரிது. அதற்குக் காட்டைத் தவிர வேறு புகலிடம் இல்லை. ஆகவே கூடு, காட்டுக்குத் துணை நிற்கலாம். காட்டுக்குப் பதிலாக நிற்க இயலாது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். நம் சாம்பல் இருவாய்ச்சி அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக இன்று எண்ணப்படவில்லை. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இத்தீவைத் தவிர அதற்கு வேறு நாடு இல்லை என்பதையும் மறக்கலாகாது. அது தின்று விழுத்தும் விதைகளிலிருந்தே காட்டின் பல மரங்கள் முளைக்கின்றன. பறவை மரத்தை நடுகிறது. மரம் பறவைக்குப் பொந்து தருகிறது. இவ்வட்டத்தை எங்கே அறுத்தாலும் இரண்டும் குன்றும்.

கண்டிக்கு அருகே ஹந்தானை மலைச்சாரலிலும் இன்று ஒரு பறவைப் பூங்கா இருக்கின்றது. பிள்ளைகளை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்வதை நான் வரவேற்கிறேன். பறவையை அருகில் காணாத பிள்ளைக்கு அதன்மேல் பற்று எங்ஙனம் உண்டாகும்? ஆனால் காண்பதோடு நின்றுவிடலாகாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளியூரிலுள்ள ஒரு காட்சிச்சாலைக்கு எங்கள் மாணவரை அழைத்துச் சென்றிருந்தேன். தனியே இருந்த ஓர் இருவாய்ச்சியின் முன் எல்லோரும் நின்று அதன் சொண்டைப் பார்த்து வியந்துகொண்டிருந்தனர். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், “சேர், இதின்ட சோடி எங்க?” என்று கேட்டாள். அங்கிருந்த ஊழியருக்கு விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்த ஒரு வினாவிலே, நான் இவ்வளவு நேரமாகச் சொல்லி வந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆகையால் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என் வேண்டுகோள் இது. பறவைப் பூங்காவுக்குச் சென்றால் நான்கு கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இந்தப் பறவைக்குத் துணை இருக்கிறதா? பொந்து இருக்கிறதா? இது எங்கே பிறந்தது, கூட்டிலா காட்டிலா? இதன் குஞ்சுகள் எங்கே போகின்றன? நல்ல நிலையத்தார் இக்கேள்விகளை மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள். காட்டுப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சைக் கொண்டு நிரப்பப்படும் கூடு எத்துணை அழகாக இருப்பினும், அது பாதுகாப்பு ஆகாது.

தோட்டப் பகுதிகளில் வாழும் நேயர்களுக்குத் தனியே ஒரு சொல். காற்றில் விழுந்த மரத்தில் குஞ்சைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். சட்டமும் அதையே வேண்டுகிறது. இறகில்லாமல் நிலத்தில் ஓடும் பறவை காயப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. அது ஒரு தாயாக இருக்கலாம். ஓடைக்கரையிலும் எல்லையிலும் எஞ்சி நிற்கும் பழைய மரத்தை, காய்ப்பதில்லை, விறகுக்குத்தான் உதவும் என்று எண்ணி வெட்டிவிடாதீர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் முன்னோர் கையிற் கோடரியைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். இன்று அம்மரத்தை விட்டுவைப்பதா என்ற முடிவு பல இடங்களில் நம் கையிலேயே இருக்கிறது.

எங்கள் பழைய தோட்டத்துக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். மரம் விழுந்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. ஓடையின் மறுகரையில் இன்னொரு முதுமரம் எவ்வாறோ தப்பி நிற்கிறது. அதில் ஒரு பொந்தும் இருக்கிறது. அரைமணி நேரம் நின்று பார்த்தேன். பறவை எதுவும் வரவில்லை. அம்மரத்தை வெட்டாமல் விடும்படி அங்கே வாழும் பிள்ளைகளிடம் சொல்லி, அதன் காரணத்தையும் விளக்கிவிட்டு வந்தேன். அடுத்த ஆனி மாதம் மீண்டும் போய்ப் பார்ப்பேன்.